கொழுந்துக்கு ஊர் தெரியும். கொழுந்தெடுத்த கைக்குப் பேர் எங்கே?

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று சொல்வது வழக்கம். அந்தத் தேனாட்டிலேயே நல்ல தேன் எது, சீனிப்பாகு கலந்த தேன் எது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆரையம்பதிப் பக்கம் ஒரு போத்தல் தேன் வாங்கப் போனால் ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும் என்பார் ஒருவர். தீக்குச்சியைத் தோய்த்து உரசினால் பற்ற வேண்டும் என்பார் இன்னொருவர். கடதாசியில் ஊறக்கூடாது, எறும்பு மொய்க்கக்கூடாது என்று பட்டியல் நீளும். பாகைக் கொஞ்சம் தடிப்பாகக் காய்ச்சத் தெரிந்த வியாபாரி இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டிவிடுவான்.

அவன் தாண்டச் சிரமப்படும் சோதனை ஒன்று ஆய்வுகூடத்தில் இருக்கிறது. உலகத்துக் காபனில் நூற்றுக்கு ஒரு பங்கு சற்றுப் பாரம் கூடியது. ஒரே மூலகத்தின் பாரம் வேறுபட்ட இந்த வடிவங்களைச் சமதானிகள் என்று பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் படிக்கிறார்கள். கரும்பும் சோளமும் காற்றிலிருந்து காபனைப் பிடிக்கும் முறை வேறு. காட்டு மரங்களும் பெரும்பாலான பூச்செடிகளும் பிடிக்கும் முறை வேறு. அதனால் கரும்புச் சீனியில் பாரக் காபன் சற்றுக் கூடுதலாக இருக்கும். பூவிலிருந்து வந்த தேனில் ஹிங்குராணைக் கரும்பின் சீனியைக் கலந்தால், நாக்குக்குத் தெரியாது. பாரம் நிறுக்கும் கருவிக்குத் தெரியும். தென்னங்கள்ளில் சீனித் தண்ணீர் கலந்தாலும் இதே கணக்குத்தான்.

ஏமாற்றுகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. நெல்லின் காபன் கணக்கு, பூச்செடிகளின் கணக்கோடு ஒத்துப்போகும். அதைத் தெரிந்துகொண்டு அரிசியிலிருந்து எடுத்த பாகைத் தேனில் கலக்கத் தொடங்கினார்கள். அதைப் பிடிக்க ஆய்வுகூடங்கள் வேறு சோதனைகளைத் தேடின. இந்தத் துரத்தல் இன்னும் முடியவில்லை.

இது எதற்காகத் தோட்டத் தொழிலாளரின் பத்திரிகையில் தலையங்கமாக வருகிறது என்று வாசகர் கேட்பது நியாயம். தேனில் தொடங்கி வைனுக்குப் போன இந்த வித்தை தேயிலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பிடி தேயிலைத் தூள் எந்த நாட்டு மண்ணில் விளைந்தது என்று அந்தத் தூளிடமே கேட்டறியும் காலம் இது. தேயிலையின் பேரைக் காப்பாற்ற ஒரு காவல் வருகிறது. அந்தக் காவலால் வரும் பலன் யார் கைக்குப் போகும் என்பதை இப்போதே பேசாவிட்டால், பிறகு பேசிப் பயனில்லை.

முதலில் வைனின் கதையைப் பார்ப்போம். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் திராட்சை வைன் ஊரின் பேரில் விற்கப்படும் பண்டம். போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் எல்லாம் ஊர்ப் பேர்கள்தான். பேருக்குத்தான் விலை. பேருக்கு விலை இருந்தால் பேரைத் திருடவும் ஆள் இருக்கும். மலிவான வைனை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து நல்ல ஊரின் பேரை ஒட்டி விற்பது ஒரு வகை. வெயில் குறைந்து பழம் இனிக்காத ஆண்டில் பீட்டுக் கிழங்குச் சீனியைச் சேர்த்து மதுசாரத்தை ஏற்றுவது இன்னொரு வகை. பீட்டுச் சீனி கரும்புச் சீனி போன்றதல்ல. காபன் சோதனையில் அது திராட்சையோடு கலந்து மறைந்துவிடும்.

அதற்கு வழி கண்டவர்கள் பிரான்ஸின் நான்த் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். 1980களில் அவர்கள் காபனை விட்டு ஐதரசனைப் பிடித்தார்கள். வைனிலுள்ள மதுசாரத்தில் பார ஐதரசன் எந்த இடத்தில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த மதுசாரம் திராட்சையில் பிறந்ததா, பீட்டில் பிறந்ததா, கரும்பில் பிறந்ததா என்று சொல்ல முடிந்தது. வைனிலுள்ள தண்ணீரின் பார ஒட்சிசனைப் பார்த்தால், கொடி குடித்த தண்ணீர் எந்தப் பக்கத்து மழை என்று ஊகிக்கவும், பிறகு குழாய்த் தண்ணீர் ஊற்றினார்களா என்று பிடிக்கவும் முடிந்தது.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதுதான் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம். ஒரு வைனைச் சோதித்தால் சில எண்கள் கிடைக்கும். அந்த எண்கள் எந்த ஊருக்குரியவை என்று சொல்ல, அந்த ஊரில் உண்மையாகவே விளைந்த திராட்சையின் எண்கள் முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டும். மழையும் வெயிலும் ஆண்டுக்காண்டு மாறுவதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும். அதனால் ஐரோப்பிய நாடுகள் 1991ஆம் ஆண்டு ஒரு தரவு வங்கியை உருவாக்கின. ஒவ்வோர் அறுவடையிலும் தோட்டங்களுக்கு நேரில் போய்த் திராட்சை பறித்து, அதைக் கண்காணிப்பின் கீழ் தனியாக வைனாக்கி, சோதித்து, பதிந்து வைக்கிறார்கள். சந்தேகமான போத்தல் ஒன்று சிக்கினால், அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, ஆய்வுகூடத்தின் வாய்மொழிக்குப் பின்னால் தோட்டத்தில் நின்று "இது இந்தக் கொடியில்தான் பறித்தது" என்று சாட்சி சொன்ன ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

இனி நமது மலைக்கு வருவோம். ஒரு தேயிலைச் செடி தன் ஊரை எப்படித் தன் இலையில் எழுதி வைத்துக்கொள்கிறது?

முதலாவது, மழை. கடலிலிருந்து வரும் மேகத்தில் சாதாரணத் தண்ணீரும், சற்றுப் பாரமான தண்ணீரும் கலந்திருக்கும். பாரமானது முந்தி விழும். மேகம் மலையேற ஏற மிச்சமிருக்கும் மழை இலேசாகிக்கொண்டே போகும். அதனால் காலிப் பக்கத்துத் தாழ்நிலத்தில் விழும் மழைக்கும், நுவரெலியாவின் ஆறாயிரம் அடி உயரத்தில் விழும் மழைக்கும் பாரத்தில் வித்தியாசம் உண்டு. செடி வேரால் குடித்த தண்ணீர் அந்த வித்தியாசத்தை இலைக்குக் கொண்டுபோகிறது.

இரண்டாவது, பாறை. மலைநாட்டின் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. புவியியலாளர் அவற்றை உயர்நிலத் தொகுதி என்றும், நமது கிழக்குப் பக்கத்துப் பாறைகளை விஜயன் தொகுதி என்றும் பிரித்துச் சொல்வர். பாறையில் உள்ள ருபீடியம் என்ற மூலகத்தின் ஒரு வகை மெல்ல மெல்ல ஸ்ட்ரோன்சியமாக மாறுகிறது. பாதி மாறுவதற்கே ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே பாறையின் வயதும் சேர்மானமும் எப்படியோ, அப்படியே அங்குள்ள ஸ்ட்ரோன்சியத்தின் பாரக் கணக்கும் அமையும். பாறை உக்கி மண்ணாகி, மண்ணிலிருந்து வேருக்குப் போய், இலைக்கு வந்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

மூன்றாவது, மண். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. அந்த மண்ணிலிருந்து அலுமினியத்தையும் மங்கனீசையும் மற்றச் செடிகளைவிட அதிகமாக இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். எந்த மூலகம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். 1998ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சுவடு மூலகங்களை அளந்து, ஆபிரிக்கத் தேயிலையை ஆசியத் தேயிலையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். சீனா, இந்தியா, இலங்கைத் தேயிலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். அதன் பிறகு சமதானிகளையும் மூலகங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்து வருகின்றன.

நான்காவது, காற்று. இதை மலையில் உள்ளவர்களுக்கும் கிழக்கில் உள்ளவர்களுக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் ஆரையம்பதியில் புழுதியை வாரி இறைத்து உதட்டை வெடிக்க வைக்கும் அதே கச்சான் காற்றுத்தான் ஊவா மலையில் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்தக் காய்ச்சலில் வாடும் கொழுந்தில் மெதையில் சலிசிலேற்று என்ற பொருள் கூடுகிறது. நோவுக்குப் பூசும் தைலத்தில் வருமே, அந்த வாசம் அதுதான். ஊவாத் தேயிலையை உலகச் சந்தையில் தனியாகப் பேர் சொல்லி வாங்குவது அந்த வாசத்துக்காக. அந்த மாதங்களில் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு மலையில் நிற்பது யார் என்பதும் நமக்குத் தெரியும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. போட்ட உரம் நைதரசன் கணக்கை மாற்றும். பல தோட்டத்துத் தூளைக் கலந்துவிட்டால் தனித்தோட்டத்தின் அடையாளம் மங்கிவிடும். அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களை வேறுபடுத்துவது, இரண்டு நாடுகளை வேறுபடுத்துவதைவிட மிகக் கடினம். ஆனாலும் "இது இலங்கைத் தேயிலையே அல்ல" என்று ஒரு பெட்டியைப் பிடித்து நிறுத்த இந்த அறிவு உதவும். பேரை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு அதுவே பெரிய பலம்.

நமது நாட்டில் பேரைக் காக்கும் ஏற்பாடு புதிதல்ல. சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க முழுக்க இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கு மட்டுமே அதைப் போடலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியல் குறியீடுகளை அங்கீகரித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை முறையாகப் பதிவு செய்ய வழி செய்தது. அதே 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவின் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்ட புவியியல் குறியீடாகப் பதிவானது. தேயிலைக்கும் அப்படியொரு பதிவு வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. வெளிநாட்டுத் தேயிலையை இறக்கி இங்கே கலந்து அனுப்பலாமா என்ற வாதமும் அதன் பக்கத்திலேயே நடக்கிறது. இலங்கைத் தேயிலையின் பேர் காக்கப்பட வேண்டும் என்பதில் நமது சங்கத்துக்கு இரண்டு கருத்து இல்லை. பேர் கெட்டால் முதலில் வேலை நாள் குறைவது நமக்குத்தான்.

ஆனால் பேர் காக்கப்பட்டால் கை காக்கப்படுமா? பக்கத்து நாட்டைப் பார்ப்போம். டார்ஜிலிங் தேயிலை 2004ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது புவியியல் குறியீடாகப் பதிவானது. 2011இல் ஐரோப்பாவிலும் அதன் பேருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. 87 தோட்டங்களில் விளையும் தேயிலைக்கு மட்டுமே அந்தப் பேர். உலகத்தில் அதிக விலைக்குப் போகும் தேயிலைகளில் அதுவும் ஒன்று. அந்த மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாட்கூலியோ, கீழே சமவெளியில் டூவார்ஸிலும் தெராயிலும் சாதாரணத் தேயிலை பறிக்கும் பெண்ணின் நாட்கூலியேதான். 2023இல் அது 250 இந்திய ரூபாவாக இருந்தது. மலைக்கும் மண்ணுக்கும் தனிப்பேர், தனிவிலை. உழைப்புக்கு மட்டும் பேரும் இல்லை, விலையும் இல்லை. சாரா பெஸ்கி என்ற மானிடவியலாளர் டார்ஜிலிங் தோட்டங்களில் தங்கி ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். புவியியல் குறியீடும் நியாய வர்த்தக முத்திரையும் பேசும் நியாயத்துக்கும், தொழிலாளர் தாங்களே நியாயம் என்று கருதுவதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது அந்த நூல்.

பணக்கார நாட்டிலும் கதை இதுதான். உலகிலேயே மிகக் கடுமையாகக் காக்கப்படும் ஊர்ப்பேர் ஷாம்பேன். பெரும்பாலான நாடுகளில் வேறு வைனுக்கு அந்தப் பேரை வைத்தால் வழக்கு வரும். அதே ஷாம்பேன் மண்ணில் 2023ஆம் ஆண்டு அறுவடைக்கு அழைத்து வரப்பட்ட 50க்கும் மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்கர், மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 ஜூலையில் அங்குள்ள நீதிமன்றம் மூன்று பேரை ஆட்கடத்தல் குற்றவாளிகளாகக் கண்டது. அந்த வைன் போத்தலை எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் திராட்சையின் ஊர் சரியாகவே வந்திருக்கும். பறித்தவர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார் என்பதை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அதை அளப்பது சங்கத்தின் வேலை.

பூர்வீகம் என்ற சொல்லுக்கு நமது மக்களிடம் இன்னொரு கனம் உண்டு. தேயிலைச் செடி இந்த மண்ணில் முளைத்ததல்ல. சீனாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதை நட்டபோது அது அந்நியச் செடி. இந்த மழையைக் குடித்து, இந்த மண்ணைத் தின்று வளர்ந்ததால் அது இலங்கைத் தேயிலை ஆனது. அதை யாரும் மறுப்பதில்லை. அதே மழையில் நனைந்து, அதே மண்ணில் உழைத்து, பிள்ளை பெற்று, அதே மண்ணில் புதைந்தவர்களிடம் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் "உன் பூர்வீகம் எது?" என்று கேட்டது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு என்று தலையைப் பங்கு பிரித்தார்கள். வன்செயல்களுக்கு அஞ்சி மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கங்களில் குடியேறின. நாடற்றவராக மிஞ்சியவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தேயிலைக்கு ஒரு தலைமுறைகூட வேண்டியிருக்கவில்லை. தேயிலையை வளர்த்தவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இதில் விஞ்ஞானம் நம் பக்கம் நிற்கும் ஓர் இடம் உண்டு. மேலே சொன்ன ஸ்ட்ரோன்சியம் தேயிலையில் மட்டும் படிவதில்லை. குழந்தைப் பருவத்தில் பல்லின் மேற்பூச்சு உருவாகும்போது, குடித்த தண்ணீரிலும் உண்ட உணவிலும் இருந்த ஸ்ட்ரோன்சியம் அதில் படிந்துவிடுகிறது. பிறகு சாகும்வரை அது மாறுவதில்லை. தொல்பொருள் ஆய்வாளர்கள் பழைய புதைகுழியில் கிடைக்கும் பல்லைச் சோதித்து, இந்த மனிதர் சிறுவயதில் எந்தப் பாறை நாட்டில் வளர்ந்தார் என்று கண்டுபிடிப்பது இப்படித்தான். நமது பிள்ளைகள் உண்ணும் மாவும் பருப்பும் வெளிச்சரக்காக இருக்கலாம். பீலியில் அவர்கள் குடிக்கும் தண்ணீர் மலைத் தண்ணீர். இலையில் எழுதிய அதே மலை அவர்கள் பல்லிலும் எழுதியிருக்கிறது. இலையைக் கொண்டு காணியின் பேரை நிரூபிக்கலாம் என்றால், அந்தக் காணியில் நமக்குள்ள உரித்தை நிரூபிக்க இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்? லயக் காம்பராவுக்கு உறுதி இல்லாமல் ஐந்தாறு தலைமுறை போய்விட்டது.

சம்பளத்தின் கதையையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபா என்று வந்தபோதும் போயின. கடைசியில் அந்த ஆண்டு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கவும், வருகைக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு முறையும் நமக்குச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: தேயிலைக்கு விலை இல்லை, தோட்டம் தாங்காது. அப்படியானால் பேரால் வரும் கூடுதல் விலை எவ்வளவு என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பேரம் பேச முடியாது.

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்றும் பொருள். கிலோ குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்துவிட்டால் கிலோ தானாகக் குறையும். ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கைக்கூட அளந்து மண்ணின் ஊரைச் சொல்லும் காலத்தில், கூடையில் இருக்கும் கொழுந்தைச் சரியாக நிறுக்க முடியவில்லை என்பதை நம்ப முடியுமா?

மேலே வைன் தரவு வங்கியைப் பற்றிச் சொன்னதன் காரணம் இங்கேதான் வருகிறது. இலங்கைத் தேயிலைக்கு அப்படியொரு பதிவு வரும்போது, ஒவ்வொரு வலயத்திலும் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துச் சோதிக்க வேண்டும். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுண என்ற ஏழு வலயங்களிலும் அது நடக்க வேண்டும். இது எந்த மலை, எந்த நாள் எடுத்த கொழுந்து, கவ்வாத்து வெட்டி எத்தனை காலம், என்ன உரம் போட்டது என்று எழுத வேண்டும். அந்த விவரம் பொய்யானால் கருவியின் விடையும் பொய்யாகிவிடும். இந்த விவரம் எல்லாம் யாருக்குத் தெரியும்? மலையில் நிற்பவர்களுக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரம் ஒரே இரவில் நின்றபோது எந்த மலையில் கொழுந்து எப்படிக் குறைந்தது என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சோதனையின் முதல் சாட்சி தொழிலாளிதான். சாட்சிக்கு மரியாதை வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

இலங்கைத் தேயிலையின் புவியியல் குறியீட்டுக்கு விதிகள் எழுதப்படும் மேசையில், ஏற்றுமதியாளரும் கம்பனியும் சிறுதோட்ட உடைமையாளரும் இருப்பது போலத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இருக்கை வேண்டும். உற்பத்தி முறை என்று அந்த விதிகளில் எழுதும்போது இலை இரண்டு, மொட்டு ஒன்று என்பதோடு நிற்கக்கூடாது. சட்டப்படியான சம்பளம், நேர்மையான நிறுவை, குடிநீர், கழிப்பிடம் ஆகியவையும் அந்தப் பேரைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளாக வேண்டும். இவற்றை மீறும் தோட்டம் அந்தப் பேரைப் போடக்கூடாது.

மாதிரிக் கொழுந்து எடுக்கும்போது அந்த மலையில் வேலை செய்யும் தொழிலாளர் பிரதிநிதி உடன் நின்று கையெழுத்திட வேண்டும். அதன் பிரதி ஒன்று தோட்டச் சங்கத்துக்கும் கொடுக்கப்பட வேண்டும். நிறுவையில் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் அன்றன்றே எழுத்தில் தர வேண்டும். மலையின் கணக்கைத் துல்லியமாக வைக்க முடிந்தவர்கள் மனிதரின் கணக்கையும் வைக்கலாம்.

மற்றொன்று, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நாமே இந்த மாதமே தொடங்கக் கூடியது. 1883ஆம் ஆண்டிலிருந்து கொழும்பில் நடக்கும் தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையும் அதன் விற்பனைப் பேரிலேயே போகிறது. எந்த வாரம் எந்தப் பேர் என்ன விலைக்குப் போனது என்பதைத் தரகர் நிறுவனங்களின் வாராந்த அறிக்கைகளில் பார்க்கலாம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கொண்டு தங்கள் தோட்டத்தின் விலையை எடுத்து, பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கட்டும். பக்கத்தில் அந்த வார நாட்சம்பளத்தையும் எழுதட்டும். ஆறு மாதம் எழுதினால் போதும். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது நமது கையில் வெறும் கோபம் மட்டும் இருக்காது, கணக்கும் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சமதானி, மூலகம், உக்கல் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் வருவதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். நாளை இந்தச் சோதனைகளைச் செய்யும் ஆய்வுகூடத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் வெள்ளை அங்கி போட்டு நிற்க வேண்டும். அம்மா எடுத்த கொழுந்தின் மலையைக் கருவி சொல்வதற்கு முன்னமே சொல்லக்கூடியவர் அவர்தான். மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கேட்டு நாம் போராடுவதும், சம்பளத்துக்குப் போராடுவதும் ஒரே போராட்டம்.

கொழுந்து தன் ஊரை மறப்பதில்லை. வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து, கடல் கடந்து போய்க் கோப்பையில் விழும்வரை அது தன் மலையைச் சுமந்துகொண்டே போகிறது. அந்த மலையின் பேரால் வரும் காசில் மலையில் நிற்பவருக்கும் முழுப்பேர் போடும்வரை நாமும் மறக்கப் போவதில்லை.